முப்பத்து மூன்றில் முப்பத்து மூன்று

போன மாதம் சுகந்தி என் தொலைபேசிக்கு ஒரு படம் அனுப்பியிருந்தார். நான் ஓய்வு பெற்ற பின் அதே பத்திரிகைக்கு மட்டக்களப்பிலிருந்து செய்தி அனுப்புகிறவர் அவர். எங்கள் புறநகர்ப் பகுதியில் உள்ள ஒன்பது அரசாங்கப் பாடசாலைகளின் பெயர்களும் அந்தப் படத்தில் இலக்கமிட்டு அடுக்கப்பட்டிருந்தன. முதல் மூன்றுக்கும் பக்கத்தில் தங்கக் கிண்ணம். யார் தயாரித்தது, எதை வைத்துத் தயாரித்தது என்று எங்கும் இல்லை. படத்தைத் தொடர்ந்து ஒரு குரல் பதிவு.

"சேர், இது எல்லா குறூப்பிலயும் சுத்துது. மகளுக்கு வாற வருஷம் முதலாம் ஆண்டு. நீங்கதானே முந்தி இப்பிடிப் பட்டியல் போட்ட ஆள். இதில எது உண்மையா நல்ல பள்ளிக்கூடம்? நழுவாம சொல்லுங்க."

நழுவாமல் சொல்வதற்குக் குரல் பதிவு போதாது. அதனால் எழுதுகிறேன்.

இருபத்தொன்பது ஆண்டுகள் பிரதேச நிருபராக இருந்தேன். முதல் சில ஆண்டுகளைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. விளையாட்டுப் போட்டி முடிவுகளும் கோயில் திருவிழா அறிவித்தல்களும் எழுதிப் பழகினேன். கையால் எழுதி, உறையில் போட்டு, கொழும்பு பஸ் நடத்துநரிடம் கொடுத்து அனுப்பினேன். பிறகு தொலைநகல் வந்தது, பிறகு மின்னஞ்சல். இடையில் யுத்தம் இருந்தது. அதை வேறு ஆட்கள் நிறைய எழுதியிருக்கிறார்கள்.

எனக்குத் தொழில் கற்றுக் கொடுத்தது கொழும்பில் இருந்த செய்தி ஆசிரியர் இராசநாயகம். நேரில் அவரை ஆறேழு தடவைதான் கண்டிருப்பேன். மற்றதெல்லாம் தொலைபேசி. செய்தியை வாசித்து முடித்ததும் எடுப்பார். வணக்கம் இல்லை, சுகம் விசாரிப்பு இல்லை. தாள் புரட்டும் சத்தம் கேட்கும். பிறகு ஒரு கேள்வி. ஏறக்குறைய எப்போதும் அதே கேள்வி.

ஒரு மாரியில் வாவி பெருகி ஒரு கிராமத்தில் ஐம்பது வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்துவிட்டது என்று எழுதி அனுப்பினேன். எடுத்தார்.

"எத்தனை வீட்டில ஐம்பது?"

தெரியாது என்றேன்.

"ஐம்பதில ஐம்பதெண்டால் ஊர் மூழ்கிட்டுது. அறுநூறில ஐம்பதெண்டால் ஒரு ஒழுங்கை மூழ்கியிருக்கு. ரெண்டும் ஒரே செய்தி இல்லை, தம்பி."

ஏசவில்லை. தொலைபேசியை வைக்கவும் இல்லை. நான் "போய்ப் பாத்துச் சொல்றன்" என்று சொல்லும் வரைக்கும் அந்தப் பக்கத்தில் பொறுமையாக மூச்சு விட்டுக்கொண்டிருந்தார். சைக்கிளில் முழங்கால் தண்ணீருக்குள் போய் எண்ணிக்கொண்டு வந்தேன். மறுநாள் சொன்னபோது "சரி" என்றார். அதுதான் அவருடைய அதிகபட்சப் பாராட்டு.

பாடசாலைப் பட்டியல் என்னுடைய யோசனை. தரம் ஐந்து புலமைப்பரிசில் பரீட்சை அப்போது ஓகஸ்டில் நடக்கும், ஒக்டோபர் தொடக்கத்தில் பெறுபேறு வரும். புலமைப்பரிசிலுக்கான வெட்டுப்புள்ளிக்கு மேல் எடுக்கிற ஓரிரு பிள்ளைகளின் படங்கள் அன்று மாலையே சந்தியில் பதாகையாகத் தொங்கும். மற்றப் பிள்ளைகள் என்ன ஆனார்கள் என்று எந்தப் பதாகையும் சொல்லாது. இருநூறுக்கு எழுபது புள்ளி என்று இன்னொரு கோடும் உண்டு. அதைத் தாண்டினால் பிள்ளை எழுத, வாசிக்க, கணக்குப் போட அறிந்திருக்கிறது என்று பொருள். ஒரு பாடசாலையை அளக்க அந்தக் கோடுதான் நேர்மையானது என்று நினைத்தேன். ஒன்பது பாடசாலைகளிலும் எத்தனை பிள்ளைகள் பரீட்சைக்குத் தோற்றினார்கள், எத்தனை பேர் எழுபதைத் தாண்டினார்கள், எத்தனை வீதம் என்று கட்டம் போட்டு, கூடியதிலிருந்து குறைந்தது வரை வரிசைப்படுத்தினேன்.

அதற்கு இரண்டு நாள் வேண்டும். தொலைபேசியில் எந்த எண்ணையும் வாங்கமாட்டேன். ஒவ்வொரு பாடசாலைக்கும் போய், பெறுபேற்றுத் தாளை என் கண்ணால் பார்த்து, பென்சிலால் புள்ளி வைத்து எண்ணுவேன். அதிபரைத் தனியாக எண்ணச் சொல்லுவேன். இரண்டும் ஒத்து வந்தால்தான் எழுதுவேன். பத்து ஆண்டுகள் செய்தேன். ஒரு எண் பிழைத்ததில்லை. இராசநாயகமும் இந்தப் பட்டியலுக்கு மட்டும் ஒருநாளும் கேள்வி கேட்டதில்லை. அவருடைய கேள்விக்குப் பதில் கட்டத்துக்குள்ளேயே இருந்ததே: இத்தனை பேரில் இத்தனை பேர்.

பட்டியலை வெட்டி சலூன் கண்ணாடியில் ஒட்டினார்கள். பிள்ளையை முதலாம் ஆண்டில் சேர்க்கப் போகிற தகப்பன்மார் சட்டைப் பைக்குள் மடித்து வைத்திருந்தார்கள். எனக்கு அதில் பெருமை இருந்தது.

இப்போது இரண்டு பாடசாலைகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஊரின் பெயரையோ பாடசாலைகளின் பெயரையோ எழுதப் போவதில்லை. ஒன்று பிரதான வீதியில் இருந்தது. இரண்டு மாடி, வளைவு வைத்த வாசல், காலையில் வான்களின் வரிசை. மற்றது அங்கிருந்து பதினைந்து நிமிட நடையில், வாவி ஓரத்தில். மூன்று கட்டடம். பின்வேலிக் கம்பியில் பக்கத்து வீட்டு வலை காயும். தோணிக்காரர், மேசன்மார், வீட்டு வேலைக்குப் போகிறவர்கள் ஆகியோரின் பிள்ளைகள் அங்கே படித்தார்கள். வீதியோரப் பாடசாலை, வாவியோரப் பாடசாலை என்றே குறிப்பிடுகிறேன்.

பத்தாவது ஆண்டின் பட்டியலில் வீதியோரப் பாடசாலை முதலிடம். தோற்றியவர்கள் முப்பத்து மூன்று, எழுபதைத் தாண்டியவர்கள் முப்பத்து மூன்று. நூறு வீதம் அதற்கு முன் எங்கள் பகுதியில் எந்தப் பாடசாலையும் எடுத்ததில்லை. தலைப்பிலேயே போட்டார்கள். வாவியோரப் பாடசாலை இருபத்தொன்றில் பதினொன்று, ஒன்பதாவது இடம், கடைசி.

பட்டியல் வெளிவந்து ஒரு வாரத்தில், பாடசாலை விட்ட நேரம், வாவியோரப் பாடசாலை அதிபர் கமலாதேவி ரீச்சர் என் வீட்டுக்கு வந்தார். மழை தூறிக்கொண்டிருந்தது. ஸ்கூட்டரை நிறுத்தி, தலைக்கவசத்தைக் கழற்றாமலே உள்ளே வந்து உட்கார்ந்தார். கையில் பொலித்தீன் பையால் சுற்றிய ஒரு காகிதக் கோவை.

"பட்டியல்ல பிழை இரிக்கா ரீச்சர்?" என்றேன்.

"இல்ல. பதினொண்டும் சரி, இருபத்தொண்டும் சரி. உங்கட கணக்குச் சுத்தம். அதுதான் எனக்கு எரியுது."

பிறகு தலைக்கவசத்தைக் கழற்றினார்.

"தைக்கு முதலாம் ஆண்டுக்கு எட்டுப் பிள்ளைகள் பதிஞ்சிருந்த. பட்டியல் வந்த மறுகா நாலு தாய்மார் வந்து பேரை வெட்டச் சொல்லிட்டாங்க. ஒராள் பேப்பர் துண்டையும் கையோட கொண்டு வந்தா, எனக்கு வாசிச்சுக் காட்ட. வலயக் கல்வி அலுவலகத்தில சொல்றாங்க, பத்துப் பிள்ளைக்குக் குறைஞ்சா முதலாம் ஆண்டு தொடங்கேலாதாம், இரிக்கிற பிள்ளைகளை வீதிப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பட்டாம். முதலாம் ஆண்டு இல்லாட்டி மறு வருஷம் ரெண்டாம் ஆண்டு இல்ல. அஞ்சு வருஷத்தில பள்ளிக்கூடமே இல்ல. ஆர் பூட்டின எண்டும் ஒருத்தருக்கும் தெரியாது."

பையைப் பிரித்து ஆறு தாள்களை மேசையில் அடுக்கினார். பாடசாலை மாறும் பிள்ளைக்குப் பழைய பாடசாலை கொடுக்கும் விடுகைப் பத்திரங்கள். ஆறும் வீதியோரப் பாடசாலையுடையவை. ஆறு பிள்ளைகளும் தரம் ஐந்து. திகதிகளைப் பார்த்தேன். அந்த ஆண்டு ஜனவரி கடைசியில், மூன்று நாட்களுக்குள். புலமைப்பரிசில் விண்ணப்பம் போவது பெப்ரவரியில். தொடரிலக்கங்கள் ஒன்றன்பின் ஒன்றாக இருந்தன. ஒரே நீல மை, ஒரே கையெழுத்து. விலகும் காரணம் என்ற இடத்தில் ஆறிலும் ஒரே வாசகம்: பெற்றோரின் வேண்டுகோள்.

"இந்த ஆறு பேரில எழுபது எடுத்த ஒரு பொடியன்தான்," என்றார். "மத்த அஞ்சு பேரும் உங்கட பட்டியல்ல என்ட கணக்கு."

"தெரிஞ்சுகொண்டு ஏன் சேர்த்தீங்க?"

"வாசல்ல தாயும் பிள்ளையும் நிக்கிற. என்னெண்டு திருப்பி அனுப்புற?"

"சேர்த்தாலும் சோதினைக்கு விண்ணப்பம் போடாம விட்டிருக்கலாமே."

என்னை ஒரு முறை பார்த்தார். "அப்ப எனக்கும் அவங்களுக்கும் என்ன வித்தியாசம்?"

மறுப்பு அறிக்கை போடச் சொல்லி அவர் கேட்கவில்லை. நடந்ததைப் போடுங்கள் என்றுதான் கேட்டார். போகும்போது இன்னொன்றும் சொன்னார்: "பத்து வருஷமா என்ட ஒபிசுக்கு வந்து பெறுபேற்றுத் தாளை எண்ணினீங்க. ஒரு நாளும் வகுப்புக்குள்ள போய்ப் பிள்ளைகளை எண்ணல்லயே, தம்பி."

அன்று மாலை இராசநாயகத்துக்கு எடுத்தேன். முழுவதையும் கேட்டார்.

"பத்திரத்தில காரணம் என்ன எழுதியிருக்கு?"

"பெற்றோரின் வேண்டுகோள்."

"அப்ப பெற்றோரைப் போய்க் கேளும்."

ஆறு வீடுகளுக்கும் போனேன். மூன்று நாள் எடுத்தது. இரண்டு வீட்டில் கதவு திறந்தார்கள், கதைக்கவில்லை. ஒரு தகப்பன், "நாங்கதான் விரும்பி எடுத்த" என்று நிலத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னார். இரண்டு பேர் நடந்ததைச் சொன்னார்கள், ஆனால் பெயர் போட வேண்டாம் என்று கும்பிட்டார்கள். ஆறாவது வீடு புஸ்பராணியுடையது. கணவன் வாவியில் நண்டு பிடிப்பவர், விற்பது இவர். வாசலில் ஈரச் சாக்கால் மூடிய கூடை. எழுபதைத் தாண்டிய அந்த ஒரு பொடியன் இவருடைய மூத்தவன்.

"மோட்டார் சைக்கிள் வந்து நிண்டோண நண்டு வாங்க வந்த ஆக்கும் எண்டு நினைச்சன்," என்றார். "நீங்க கதை வாங்க வந்திரிக்கீங்க. அதுக்கு விலை கூட, அண்ண."

ஆனால் சொன்னார். ஜனவரியில் வகுப்பாசிரியை கூப்பிட்டாராம். பிள்ளைக்கு இங்கே பாரம் தாங்காது, சின்னப் பள்ளிக்கூடத்தில் போட்டால் மனம் நோகாமல் படிப்பான் என்று இதமாகத்தான் சொன்னாராம். "ஒரு கடுதாசி எழுதி வச்சிருந்தாங்க. கையெழுத்து வைக்கச் சொன்னாங்க, வச்சன். வாசிச்சுக் காட்டல்ல, நானும் கேக்கல்ல. நான் வேண்டிக் கேட்டதாமோ? நீங்க சொல்லித்தான் எனக்கே தெரியும்."

"இதை உங்கட பேரோட எழுதலாமா?"

கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய் ஒரு கடிதத்தைக் கொண்டு வந்தார். இளையவளுக்கு வருகிற ஜனவரியில் வீதியோரப் பாடசாலையில் முதலாம் ஆண்டு கிடைத்திருப்பதாக எழுதியிருந்தது. அதற்காக வதிவிடத்தை நிரூபிக்க மின்சாரப் பட்டியல், வாக்காளர் இடாப்பு என்று பத்து மாதம் அலைந்திருக்கிறார்.

"பெரியவனைத்தான் தள்ளிட்டாங்க. இவளுக்கும் தாயால கேடு வர வேணுமா? நீங்க எழுதிட்டுப் போயிருவீங்க, அண்ண. அவள்தான் அந்தக் கேற்றுக்குள்ளால போக வேணும்."

என் குறிப்பேட்டை மூடி வைத்தேன்.

மறுநாள் வீதியோரப் பாடசாலை அதிபரிடம் போனேன். ஒரு பக்கத்தை மட்டும் கேட்டு எழுதுவது எங்கள் தொழிலில் இல்லை. நான் எதிர்பார்த்துப் போனது ஒரு மழுப்பலை. அவர் கதிரையை இழுத்து என்னைப் பக்கத்தில் இருக்கச் சொல்லி, மேசைக் கண்ணாடிக்குக் கீழே விரலை வைத்தார். அங்கே என் பட்டியல் இருந்தது, முந்திய ஆண்டுடையது. மூன்றாம் இடத்தில் இருந்த அவருடைய பாடசாலையின் பெயருக்குக் கீழே சிவப்பு மையில் இரண்டு கோடு.

"இது நான் கீறினதில்ல," என்றார். "பெற்றோர் கூட்டத்தில ஒராள் கீறிக் கொண்டு வந்து எல்லாருக்கும் முன்னால என்ட கையில தந்தவர். எண்பத்தாறு வீதம் எடுத்த அதிபர் எழும்பி நிண்டு காரணம் சொல்ல வேணும் எண்டாங்க. நான் எழும்பி நிண்டன், சேர். முப்பது வருஷச் சேவை."

அந்த ஆறு பேரைப் பற்றிக் கேட்டேன். மறுக்கவும் இல்லை, ஒப்புக்கொள்ளவும் இல்லை.

"உங்கட கட்டத்தில எத்தனை பேர் தோற்றின எண்டு ஒரு இடம் இரிக்கி. எத்தனை பேர் படிச்ச எண்டு இடம் இல்ல. இடம் இருந்திருந்தா அந்த ஆறு பேரும் இங்கதான் இருந்திருப்பாங்க."

மோட்டார் சைக்கிளை எடுக்காமல் வாசல் மரத்தடியில் கொஞ்ச நேரம் நின்றேன். பத்து ஆண்டுகளாக நான் பாடசாலைகளை அளந்துகொண்டிருந்தேன் என்று நினைத்திருந்தேன். பாடசாலைகள் என் அளவுகோலுக்கு ஏற்பத் தங்களை வெட்டிக்கொண்டிருந்தன.

இராசநாயகத்திடம் எல்லாவற்றையும் சொன்னேன். பெயர் சொல்ல யாரும் இல்லை, அதிபரும் ஒன்றையும் ஒப்புக்கொள்ளவில்லை. ஆறு பத்திரங்களை அச்சிட்டால் ஆறு பிள்ளைகளின் பெயரும் வெளியே வரும். அவர் தாள் புரட்டவில்லை.

"நானும் பத்து வருஷம் கேக்காம விட்டிட்டன்," என்றார். அவர் அப்படிப் பேசி நான் கேட்டது அந்த ஒரு முறைதான். பிறகு வழக்கமான குரல். "குற்றம் எழுத வேண்டாம். கட்டத்தைத் திருத்தும். முந்தின வருஷம் நாலாம் தரத்தில எத்தனை பேர்? ஒன்பது பாடசாலைக்கும் எடும். வீதம் வேண்டாம், இடம் வேண்டாம். அகர வரிசையில போடும். நாங்கள் பிழையாக் கேட்டிட்டம் எண்டு மேல ஒரு பந்தி எழுதும். அதில என்ர பேரையும் போடும்."

வகுப்பு வாரியான எண்ணிக்கை வலயக் கல்வி அலுவலகத்தில் இருந்தது. அங்கே இருந்த உத்தியோகத்தர் எழுத்தில் கடிதம் கேட்டார், கொடுத்தேன். இரண்டு நாள் கழித்து ஒரு தாள் தந்தார். தரும்போது, "இதை இதுக்கு முந்தி ஒருத்தரும் கேட்டதில்ல" என்றார்.

வீதியோரப் பாடசாலை: நான்காம் தரத்தில் முப்பத்தொன்பது, பரீட்சைக்குத் தோற்றியோர் முப்பத்து மூன்று. வாவியோரப் பாடசாலை: நான்காம் தரத்தில் பதினைந்து, தோற்றியோர் இருபத்தொன்று. இன்னும் இரண்டு பாடசாலைகளிலும் எண் குறைந்திருந்தது. அவற்றைப் பற்றி எனக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. ஒருவரையும் குற்றம் சாட்டாமல், கட்டத்தை மட்டும் போட்டோம். ஏழாம் பக்கம், கீழ் மூலை. சந்தியில் நூறு வீதப் பதாகை அப்படியே தொங்கியது. மார்கழி மழையில்தான் சாயம் போனது.

ஏழாம் பக்கத்தையும் வாசிக்கிற ஊர் எங்களுடையது. தேத்தண்ணிக் கடையில் ஒருவர் என்னைக் கேட்டார்: "அதென்ன சேர், ஒரு பள்ளிக்கூடத்தில பிள்ளை குறையுது, மத்ததில கூடுது? சோதினை வருஷம் பாத்துப் பிள்ளை பெறுறாங்களா?" கடை முழுவதும் சிரித்தது. பக்கத்தில் இருந்த மேசன் ஒருவர் சிரிக்கவில்லை. விரலால் கழித்துப் பார்த்து, "ஆறு, ஆறு" என்றார்.

பெயரை வெட்டிய நாலு தாய்மாரில் இரண்டு பேர் திரும்பி வந்தார்கள். புதிதாக மூன்று பேர் பதிந்தார்கள். ஜனவரியில் கமலாதேவி ரீச்சரின் முதலாம் ஆண்டு இடாப்பில் ஒன்பது பெயர். வலயம் கேட்டது பத்து. பெப்ரவரி நடுவில் வந்து எண்ணுவோம் என்று சொல்லியிருந்தார்கள்.

நான் அதன் பின் பாடசாலைகளை வரிசைப்படுத்தவில்லை. சுகந்திக்கும் எது முதலிடம் என்று சொல்லப் போவதில்லை. அந்தப் படத்தில் உள்ள ஒவ்வொரு பாடசாலைக்கும் போய், போன வருஷம் நாலாம் ஆண்டில் எத்தனை பிள்ளைகள், இந்த வருஷம் ஐந்தாம் ஆண்டில் எத்தனை என்று கேட்கட்டும். எண்ணைவிட, அதைக் கேட்டதும் அதிபரின் முகம் எப்படிப் போகிறது என்று பார்க்கட்டும். எனக்குத் தெரிந்த ஒப்பீடு அவ்வளவுதான்.

அந்தப் பெப்ரவரியின் முதல் வாரத்தில், வலயத்தார் எண்ண வருவதற்கு முன், ரீச்சர் என்னை வரச் சொல்லி ஆள் அனுப்பினார். போனபோது அலுவலகத்தில் புஸ்பராணி இருந்தார். பக்கத்தில் புதுச் சப்பாத்தோடு இளையவள், கதிரையில் கால் எட்டாமல் ஆட்டிக்கொண்டு.

"பெரியவனை எழுத விட்டது இந்த ரீச்சர்தானே, அண்ண," என்றார் புஸ்பராணி. நான் ஒன்றும் கேட்டிருக்கவில்லை. "ஒரு மாசம் அங்க விட்டுப் பாத்தன். நாலு வருஷத்தில இவளையும் கூப்பிட்டு இதமாச் சொல்லுவாங்களோ எண்டு ஒவ்வொரு நாளும் கேற்றடியில நிண்டு யோசிக்க ஏலாது."

ரீச்சர் இடாப்பை என் பக்கம் திருப்பினார். பத்தாவது பெயர் எழுதி மை காயவில்லை. அதன் மேல் விடுகைப் பத்திரம். வீதியோரப் பாடசாலை, அதே நீல மை, அதே கையெழுத்து. விலகும் காரணம்: பெற்றோரின் வேண்டுகோள்.

நான் அதை வாசிப்பதைப் புஸ்பராணி பார்த்துக்கொண்டிருந்தார்.

"இந்த முறை வாசிச்சுக் காட்டச் சொன்னன், அண்ண," என்றார். "கேட்டுப் போட்டுத்தான் கையெழுத்து வச்ச."